கண்ணுக்குத் தெரியாத மோதல்: கதிர்வீச்சு உயிரணுவுக்குள் என்ன செய்கிறது?

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றுவந்த ஓர் அம்மையார், பதினொன்றாம் நாள் சிகிச்சைக்குப் பிறகு மூன்று நாள்கள் வரவில்லை. செவிலியர் தொலைபேசியில் பேசிய பின், நான்காம் நாள் மகனுடன் வந்து சேர்ந்தார். காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, பேருந்துச் செலவோ காரணமில்லை. "டாக்டரம்மா, நீங்க வைக்கிற கரண்ட் உடம்புல இருக்கிற டி.என்.ஏ.வை உடைக்குமாமே. பேரன் புத்தகத்துல படிச்சுட்டுச் சொன்னான். நோயை உடைக்கட்டும். நல்ல உடம்பையும் சேர்த்து உடைச்சிட்டா நான் என்ன பண்றது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சிகிச்சை தொடங்கும் முன் பக்கவிளைவுகளை விளக்கி, ஒப்புதல் படிவத்தில் அவரது கையொப்பத்தையும் பெற்றிருந்தேன். ஆனால் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. பேரன் படித்தது உண்மைதான். அந்த உண்மையின் மறுபாதியைச் சொல்ல வேண்டியது என் கடமை. அன்று அவரிடம் சொன்னவற்றையும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

'கரண்ட்' என்னும் சொல்

கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் மக்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வது வழக்கம். பழகிய சொல்தான், ஆனால் வீண் அச்சத்தையும் உடன் கொண்டுவருகிறது. இச்சிகிச்சையில் உடலுக்குள் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. சூடும் வைக்கப்படுவதில்லை.

நாளொன்றுக்கு வழக்கமாகத் தரப்படும் அளவு ஏறத்தாழ 2 கிரே. ஒரு கிலோ திசுவுக்கு 2 ஜூல் ஆற்றல் என்பது இதன் பொருள். அது அத்திசுவின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே உயர்த்தும். ஒரு வாய் சூடான தேநீர் நம் வாய்க்குத் தரும் வெப்பம் இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

இவ்வளவு சிறிய ஆற்றல் ஒரு கட்டியை எப்படி அழிக்கிறது? உள்ளங்கையால் அழுத்தும்போது துணிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே விசை ஊசிமுனையில் குவிந்தால் துணி துளைபடுகிறது. கதிர்வீச்சின் ஆற்றலும் திசு முழுவதும் சீராகப் பரவாமல், கோடிக்கணக்கான தனித்தனி மோதல்களாக, மூலக்கூறு அளவிலான இடங்களில் குவிந்து விழுகிறது. அந்த மோதல்கள் நிகழும் இடம் டி.என்.ஏ.வாக இருக்கும்போதுதான் சிகிச்சையின் பயன் கிடைக்கிறது.

டி.என்.ஏ. எதனால் ஆனது?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும், நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரக்கூடிய டி.என்.ஏ. இழை சுருண்டு கிடக்கிறது. அதன் குறுக்களவு 2 நானோமீட்டர்; அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

முறுக்கிவிட்ட நூலேணியாக அதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏணியின் இரு பக்கக் கயிறுகளும் டிஆக்ஸிரைபோஸ் என்னும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. குறுக்குப் படிகள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களால் ஆனவை. அடினைனுக்கு எதிரே எப்போதும் தைமின். குவானைனுக்கு எதிரே எப்போதும் சைட்டோசின். இந்த இணை மாறுவதில்லை. ஆகவே ஒரு பக்கம் அழிந்தாலும், மறுபக்கத்தைப் பார்த்து அழிந்ததை மீண்டும் எழுதிவிட முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இதைச் சார்ந்தே நிற்கிறது.

மோதலில் நடப்பது

எலக்ட்ரான்களை இழந்தோ கூடுதலாகப் பெற்றோ மின்னூட்டம் கொண்டுவிட்ட அணுவை அயனி என்கிறோம். ஹைட்ரஜன் அணு தன் ஒரே எலக்ட்ரானை இழந்தால் எஞ்சுவது புரோட்டான். கார்பன் அணு தன் ஆறு எலக்ட்ரான்களையும் இழந்தால் அது வலுவான நேர்மின்னூட்டம் கொண்ட கார்பன் அயனி. இத்தகைய அயனி வேகமாக வந்து ஒரு மூலக்கூறைக் கடக்கும்போது அதிலுள்ள எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றலாம், அல்லது தனக்கெனப் பறித்துக்கொள்ளலாம். வேகம் குறைந்த நிலையில், மூலக்கூறிலுள்ள அணுவின் மீதே மோதி அதை இடம் பெயர்க்கவும் செய்யலாம்.

ஒரு மூலக்கூறின் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருப்பவை எலக்ட்ரான்களே. அவற்றை இழந்த மூலக்கூறின் பகுதிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன, பிணைப்புகள் அறுகின்றன.

இதைத் தெளிவாகக் காண, நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் 2000-களின் முற்பகுதியிலிருந்து ஆய்வுகள் நடத்தினர். வெற்றிடத்தில் டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களைத் தனித்தனி மூலக்கூறுகளாக ஆவியாக்கி, அவற்றின் மீது அயனிகளைச் செலுத்தி, சிதறிய துண்டுகளை எடைபோட்டுப் பார்த்தார்கள். வளைய அமைப்புடைய காரங்களில் ஒரு பகுதி மோதலுக்குப் பின்னும் முழுமையாக எஞ்சின. டிஆக்ஸிரைபோஸ் சர்க்கரையோ சிறு சிறு துண்டுகளாக நொறுங்கிப்போயிற்று. ஏணியின் பக்கக் கயிறுகளைக் கோத்து நிற்பதே அந்தச் சர்க்கரைதான். அது நொறுங்குமிடத்தில் இழை அறுகிறது.

மின்னூட்டம் இல்லாத அணுக்களாலும் இத்தகைய சேதம் விளையலாம். லிஸ்பனில் நடந்த ஆய்வுகளில், மின்னூட்டமற்ற பொட்டாசியம் அணு தைமின் மூலக்கூறோடு மோதும்போது தன் எலக்ட்ரான் ஒன்றை அதற்குக் கொடுத்துவிடுகிறது என்று கண்டார்கள். கூடுதல் எலக்ட்ரானைத் தாங்க இயலாத தைமின், ஹைட்ரஜன் அணுவை உதிர்க்கிறது. சில வேளைகளில் வளையமே உடைகிறது.

மருத்துவர்களாகிய எங்களுக்கு மிகுந்த வியப்பளித்தது கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு. கதிர்வீச்சு தட்டி வெளியேற்றும் எலக்ட்ரான்கள் வேகம் குறைந்து ஏறத்தாழ ஓய்ந்துவிட்ட நிலையிலும், 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான மிகச் சிறிய ஆற்றலுடன் டி.என்.ஏ. இழையை அறுக்கக்கூடும் என்று அது காட்டியது. முதல் மோதல் ஒரு தொடக்கம்தான். அதிலிருந்து தெறிக்கும் எண்ணற்ற சிறு எலக்ட்ரான்கள் வேலையின் பெரும்பகுதியைச் செய்கின்றன.

உயிரணுவுக்குள் தண்ணீரின் பங்கு

உயிரணு வெற்றிடம் அன்று. அதன் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர். இந்தத் தண்ணீர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. அடிபட்ட மூலக்கூறின் மிகுதி ஆற்றலில் ஒரு பகுதியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, அது சிதறாமல் காக்கிறது. மறுபுறம், தானே அடிபட்டு ஹைட்ராக்சில் என்னும் மிகத் துடிப்பான துகளாகப் பிரிகிறது. அத்துகள் சில நானோமீட்டர் தூரமே பயணம் செய்யும்; அதற்குள் டி.என்.ஏ. எதிர்ப்பட்டால் அதைத் தாக்கும். எக்ஸ் கதிர்ச் சிகிச்சையில் டி.என்.ஏ.வுக்கு நேரும் சேதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு தண்ணீரின் வழியாக வருவதே.

இங்கே ஆக்சிஜனின் பங்கும் பெரிது. சேதமடைந்த இடத்தில் ஆக்சிஜன் சென்று ஒட்டிக்கொண்டால் அந்தச் சேதம் நிலைத்துவிடுகிறது. ஆக்சிஜன் போதாத கட்டியை எக்ஸ் கதிரால் அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை அதிக அளவு தேவைப்படலாம். சிகிச்சைக் காலத்தில் உங்கள் ஹீமோகுளோபினை நாங்கள் அடிக்கடி சோதிப்பதும், புகைப்பதை உடனே நிறுத்தச் சொல்வதும் இதனால்தான்.

உடைவதும் சரியாவதும்

ஒரு கிரே எக்ஸ் கதிர் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும், 20 முதல் 40 வரையிலான இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. கேட்கும்போது அச்சமூட்டும் எண்கள்தாம். ஆனால் கதிர்வீச்சே படாத நிலையிலும், மூச்சுவிடுதல், செரித்தல் ஆகிய அன்றாட வேதிவினைகளால் ஒவ்வோர் உயிரணுவின் டி.என்.ஏ.விலும் நாள்தோறும் பல்லாயிரம் சிறு சேதங்கள் நேர்கின்றன. அவற்றை நம் உடல் ஓசையின்றிச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அந்தப் பழுதுநீக்கும் முறைகளைக் கண்டறிந்ததற்காகவே தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஸிஸ் சன்ஜார் ஆகிய மூவருக்கும் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஓர் இழை மட்டும் முறிந்தால், எதிர் இழையைப் பார்த்து எழுதிவிடலாம் என்று முன்பே கண்டோம். இது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிகிற வேலை. இரண்டு இழைகளும் அருகருகே முறிந்தால் பார்த்து எழுத மூலப்படி இல்லை. அதைச் சரிசெய்யச் சில மணி நேரம் ஆகும், பிழையும் நேரலாம். ஏணியின் ஓரிரு சுற்றுகளுக்குள் பல முறிவுகளும் பல காரச் சிதைவுகளும் ஒன்றாகக் குவிந்துவிட்டால், அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

நல்ல உயிரணுவுக்கும் புற்றணுவுக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் பயன்படுத்திக்கொள்வது இந்த இடத்தில்தான். நல்ல உயிரணு சேதத்தை உணர்ந்ததும் தன் பிரிதலை நிறுத்தி, பழுதை நீக்கிவிட்டுத் தொடர்கிறது. பல புற்றணுக்களில் அந்த ஏற்பாடு கெட்டுப்போயிருக்கிறது. பழுதோடு பிரிய முயன்று, பிரியும்போது மடிகின்றன. மொத்த அளவையும் ஒரே நாளில் தராமல் இருபத்தைந்து, முப்பது நாள்களாகப் பிரித்துத் தருவதன் காரணமும் இதுவே. இன்றைய சிகிச்சைக்கும் நாளைய சிகிச்சைக்கும் இடையிலான இரவு, உங்கள் நல்ல உயிரணுக்கள் தம்மைச் சரிசெய்துகொள்வதற்கான அவகாசம்.

அதேவேளை, இடைவெளி மிகுந்தால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயிலும் கருப்பை வாய்ப் புற்றுநோயிலும், திட்டமிட்ட காலத்துக்கு மேல் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பில் ஏறத்தாழ 1 விழுக்காட்டைக் குறைக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் உள்கதிர்ச் சிகிச்சை உட்பட அனைத்தையும் 8 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி.

நல்ல திசுவுக்குச் சேதமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வாய்ப்புண், தோல் கருத்தல், வயிற்றுப்போக்கு ஆகியவை நல்ல உயிரணுக்களும் அடிபடுவதன் அடையாளங்கள். பெரும்பாலானவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிடும். சில விளைவுகள் மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு புற்றுநோய் வருவதற்கான சிறிய வாய்ப்பும் உண்டு. இப்போதுள்ள நோயைச் சிகிச்சையின்றி விட்டால் வரும் ஆபத்தோடு ஒப்பிட்டுத்தான் இதை எடைபோட வேண்டும்.

அயனிகளைக் கொண்டே சிகிச்சை

நம் மருத்துவமனையிலுள்ள லினாக் கருவி எக்ஸ் கதிர்களைத் தருகிறது. அவை உடலைக் கடந்து மறுபுறம் வெளியேறும். கட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள திசுக்களிலும் ஓரளவு ஆற்றலை விட்டுச்செல்லும். அயனிகளின் இயல்பு வேறு. வேகமாகச் செல்லும்போது குறைவாகவும், வேகம் தணிந்து நிற்கப்போகும் இறுதிக் கட்டத்தில் மிக அதிகமாகவும் அவை ஆற்றலைக் கொட்டுகின்றன. 1904-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் வில்லியம் ஹென்றி பிராக் இதை அறிவித்தார். 'பிராக் உச்சம்' என்று அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-இல் எழுதினார். 1954-இல் பெர்க்லியில் முதன்முதலாக நோயாளிகளுக்குப் புரோட்டான் சிகிச்சை அளிக்கப்பட்டது. 1994-இல் ஜப்பானின் சிபா நகரிலும், 2009-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கார்பன் அயனிச் சிகிச்சை மையங்கள் செயல்படத் தொடங்கின. சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை கிடைக்கிறது.

புரோட்டானுக்கும் கார்பனுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு உண்டு. புரோட்டான் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சேதம் எக்ஸ் கதிரைவிட ஏறத்தாழ 10 விழுக்காடே கூடுதல். ஆகவே அதன் சிறப்பு வலிமையில் இல்லை. வேண்டிய ஆழத்தில் நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. கனமான கார்பன் அயனியோ தன் பாதையின் முடிவில் முறிவுகளை நெருக்கமாகக் குவிக்கிறது. அதே அளவு எக்ஸ் கதிரோடு ஒப்பிட்டால் அங்கே அதன் விளைவு இரண்டு முதல் மூன்று மடங்கு. ஆக்சிஜன் குறைந்த கட்டிகளையும் அது தாக்கவல்லது.

எலும்புகளுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் ஊசி வழியாகச் செலுத்தப்படும் ரேடியம்-223 என்னும் மருந்தும் இதே வழியில் செயல்படுகிறது. அது வெளியிடும் ஆல்பா துகள் ஒரு ஹீலியம் அயனியே. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த தூரமே சென்று, அருகிலுள்ள சில உயிரணுக்களை மட்டும் அது தாக்குகிறது.

நமக்கு அது தேவையா?

இக்கேள்வியோடு வரும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. சிலர் நிலத்தை விற்கவும் நகையை அடகு வைக்கவும் முடிவுசெய்துவிட்டே வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இது.

குழந்தைகளின் மூளைக்கட்டிகள், மண்டையோட்டின் அடிப்பகுதியிலும் தண்டுவடத்தை ஒட்டியும் வளரும் சில கட்டிகள், கண்ணின் மெலனோமா, ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்ற இடத்தில் மீண்டும் தர வேண்டிய நிலை ஆகியவற்றில் அயனிச் சிகிச்சையால் தெளிவான பயன் கிடைக்கலாம். அத்தகைய நோயாளிகளை நாங்களே உரிய மையத்துக்குப் பரிந்துரைப்போம். கருப்பை வாய், மார்பகம், வாய், தொண்டை போன்ற, நாம் மிகுதியாகக் காணும் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு, இன்றைய லினாக் கருவியால் துல்லியமாகத் திட்டமிட்டு அளிக்கும் சிகிச்சையே நல்ல பலன் தருகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் உள்கதிர்ச் சிகிச்சையின் இடத்தை வேறெந்தக் கதிராலும் இதுவரை நிரப்ப முடியவில்லை. கடன் வாங்கித் தொலைதூரம் செல்வதற்காகச் சிகிச்சையைப் பல வாரங்கள் தள்ளிப்போடுவது, பல நேரங்களில் நன்மையைவிடத் தீமையே செய்யும். முடிவெடுக்கும் முன் எங்களிடம் வந்து கேளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*சிகிச்சை பெறுபவர் பேரக்குழந்தையைத் தூக்கலாமா?*
லினாக் கருவியாலோ புரோட்டானாலோ சிகிச்சை பெற்றவரின் உடலிலிருந்து பிறருக்குத் தீங்கு தரும் கதிர்வீச்சு வெளிப்படாது. தாராளமாகத் தூக்கலாம், கட்டி அணைக்கலாம், ஒரே தட்டில் உண்ணலாம். ஊசியாகவோ மாத்திரையாகவோ கதிரியக்க மருந்து பெற்றவர்களுக்கு மட்டும் தனி விதிகள் உண்டு. அவற்றை எழுத்தில் தருவோம்.

*சத்து மாத்திரைகள் எடுத்துக்கொள்ளலாமா?*
ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளும் பொடிகளும், மிகுந்த அளவில் எடுத்தால், புற்றணுவைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சில் போன்ற துகள்களை அடக்கிப் புற்றணுவையும் காத்துவிடக்கூடும். வழக்கமான உணவிலுள்ள காய், கீரை, பழங்களுக்குத் தடையில்லை. மாத்திரை எதுவானாலும் எங்களிடம் காட்டிவிட்டு உட்கொள்ளுங்கள்.

*கடைசி நாளன்றே ஸ்கேன் எடுத்துப் பார்க்கக் கூடாதா?*
அடிபட்ட புற்றணு பிரிய முயலும்போதுதான் மடிகிறது. ஆகவே கட்டி சுருங்குவது சிகிச்சை முடிந்த பின்னும் பல வாரங்கள் தொடரும். பெரும்பாலும் 3 மாதங்கள் கழித்து ஸ்கேன் எடுப்பது இதனால்தான்.

*ஒரு நாள் வர இயலாவிட்டால்?*
உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். சனிக்கிழமையிலோ, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளிவிட்டு இருமுறையோ சிகிச்சை அளித்து, தவறிய நாளை ஈடுசெய்ய முயல்வோம். பயணம், பணம், பயம் என்று காரணம் எதுவாயினும் மறைக்க வேண்டாம்.

அந்த அம்மையாருக்கு ஒரு தாளில் ஏணி வரைந்து காட்டினேன். ஒரு பக்கக் கயிறு அறுந்தால் மறுபக்கத்தைப் பார்த்து எப்படிக் கட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்போ ராத்திரி நான் தூங்குறப்ப உள்ளே தையல் வேலை நடக்குதுன்னு சொல்லுங்க" என்றார். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தாளைப் பேரனிடம் காட்ட வேண்டும் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தவறிய மூன்று நாள்களையும் இரண்டு சனிக்கிழமைகளிலும் ஒரு வாரநாளின் மாலையிலும் ஈடுசெய்தோம். உள்கதிர்ச் சிகிச்சை உட்பட அனைத்தும் எட்டாம் வாரம் முடிவதற்குள் நிறைவடைந்தன.

உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கலாம். கேட்டால் மருத்துவர் என்ன நினைப்பாரோ என்று தயங்கி, வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கேள்வியோடு வாருங்கள், சிகிச்சைக்கு மட்டும் நாள் தவறாதீர்கள்.